மூன்றாம் ஷெட்டுக்கு என்ன தீவனம்?

அயோத்தியாப்பட்டணம்
10.2.2025

அன்புள்ள யுவஸ்ரீ,

போன் செய்தால் கோழிச் சத்தத்தில் உன் குரலே கேட்பதில்லை. அதனால் ஹாஸ்டல் விடுமுறைகளில் எழுதியதுபோல மறுபடி கடிதம்.

எங்கள் கோழிப்பண்ணை ஆப்பில் கேள்வி கேட்டால் ஏஐ பதில் சொல்லும் வசதியைச் சேர்க்கிறோம். அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வடிவமைப்பது என் வேலை. உன் மாமனாரின் பண்ணை நோட்டு முழுவதையும் படமெடுத்து அனுப்பு. மூன்றாம் ஷெட்டை உன் பொறுப்பில் விட்டிருக்கிறாரே, முதலாளியம்மா! நீதான் முதலில் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். ஆறு மாதமாக ஞாயிறும் வேலை. பூசைக்குப் போயே நாளாகிறது.

உன்
மெர்லின்

நாமக்கல்
2.4.2025

மெர்லின்,

நன்றாக இருக்கிறாயா? நான் நன்றாக இல்லை.

மூன்றாம் ஷெட்டில் இருந்த கிழட்டுக் கோழிகளை விற்றுவிட்டு, பதினோரு வாரக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டோம். அந்த நோட்டுப் பக்கத்தையும் ஆப்பில் ஏற்றினேன். "இந்த வாரம் மூன்றாம் ஷெட்டுக்கு என்ன தீவனம்?" என்று உன் ஆப்பில் கேட்டேன். அது சொன்னபடியே கலக்கச் சொன்னேன். கலவை போடும் சடையன், "அம்மிணி, குஞ்சுக்கு இத்தன கிளிஞ்சலுங்களா?" என்று கேட்டார். போனைக் காட்டி அவர் வாயை அடைத்தேன்.

மூன்றாவது வாரம் குஞ்சுகள் சாக ஆரம்பித்தன. டாக்டர் அறுத்துப் பார்த்தார். முட்டைக் கோழிக்கான தீவனமாம், அதிலிருந்த கிளிஞ்சல் சுண்ணாம்பால் குஞ்சுகளின் சிறுநீரகம் கெட்டுவிட்டதாம். மாமா செத்த குஞ்சுகளை எண்ணி நோட்டில் எழுதினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எங்கே தப்பு நடந்தது? நான் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் ஷெட் என் கையில் நிற்காது.

யுவஸ்ரீ

அயோத்தியாப்பட்டணம்
9.4.2025

அன்புள்ள யுவா,

தப்பு என்னுடையது. மாமாவிடம் அப்படியே சொல்.

ஷெட் மாறாது, கோழிதான் மாறும் என்பது எனக்கு உறைக்கவில்லை. உன் மாமா புதுக் குஞ்சுக்குப் புது நோட்டுப் போடுவதில்லை, அடுத்த பக்கத்திலேயே தொடர்கிறார். நிறையக் கொடுத்தால் நன்றாகப் பதில் சொல்லும் என்று ஐந்து வருடக் குறிப்பையும் ஒவ்வொரு கேள்வியோடும் ஏஐக்கு அனுப்பினேன். அத்தனை முட்டைக் கணக்குக்கு நடுவே, குஞ்சு வந்த ஒற்றை வரி அமுங்கிவிட்டது.

இப்போது மாற்றிவிட்டேன். இன்று ஷெட்டில் இருக்கும் கோழியின் வயது, போன வாரத் தீவனம், டாக்டர் குறிப்பு மட்டும்தான் போகும். வயது தெரியாவிட்டால் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்கும்.

நான் நேரில் வந்து மாமாவிடம் பேசட்டுமா? மிகவும் வருந்துகிறேன்டி. எழுது.

மெர்லின்

நாமக்கல்
21.6.2025

மெர்லின்,

நீ வர வேண்டாம். உன் கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன், பொறுமையாகக் கேட்டார்.

இப்போது என் வீட்டுக்காரர் சந்தோஷ்குமார்தான் ஆப்பில் கேட்கிறார். முதல் நாளே எத்தனை வாரக் கோழி என்று திருப்பிக் கேட்டதாம். "பரவால்ல, வெவரமாத்தான் கேக்குது," என்று மாமா சிரித்தார். இப்போது நான்கு ஷெட்டுக்கும் அதுதான்.

அப்படிச் சிரித்த அன்று சாயங்காலமே என்னிடம், "சாமி, நீ ஊட்டு வேலையப் பாத்துக்க. ஷெட்டுப் பக்கம் இனி வர வேண்டாஞ் சாமி," என்றார். சந்தோஷ் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. ஆப்புக்கு இரண்டாவது தடவை கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

கோழி பற்றிக் கேட்பதென்றால் இனி சந்தோஷ் நம்பருக்கு எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

யுவஸ்ரீ