'சேர்ச்' என்ற சொல்லும் அப்பாவும்

4 நவம்பர் 2004, வியாழன்
பனித்தூறல். சப்பாத்துக்குள் ஈரம். பேராசிரியர் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைத் திருப்பித் தந்தார். ஆங்கிலத்தில் 'சேர்ச்', தேவாலயம்; கிரேக்கத்தில் 'கீரியகோன்': ஆண்டவருக்குரியது. அது பழைய ஜெர்மானிய இனமான கோத்தியர் வழியாக மற்ற ஜெர்மானிய மொழிகளுக்குள் வந்தது என்பது என் வாதம். ஓரத்தில் பென்சிலால் ஒரே கேள்வி: கோத்தியரின் கோத்திக் மொழியில் இந்தச் சொல் எங்கே?
எங்கும் இல்லை. கோத்திக் வேதாகமத்தில் இருப்பது வேறு சொல். தெரிந்தேதான் மழுப்பியிருந்தேன்.
வாங்க: பால், அச்சுப்பொறி மை, அம்மாவின் மருந்து.

7, ஞாயிறு
பூசை முடிந்து எங்கள் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் என் பேச்சு. பங்குச் சுவாமி கேட்டதால். நாற்பது பேர், றோல்ஸ், தேத்தண்ணி. நன்றாகத்தான் போனது.
கடைசியில் அப்பா எழும்பினார். கோட் போட்டிருந்தார். துறைமுகப் பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிற வேலை. வீட்டில் பதினொரு வருடமாக ஒரு கொப்பியில் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் வேர் எழுதுகிறார்.
"பிள்ளை, கோத்தியற்றை மொழியிலை அந்தச் சொல் எங்கயாவது எழுதிக் கிடக்கோ?"
அதே கேள்வி. முகம் சூடானது. தாள்களைப் புரட்டினேன். நான் தடுமாறுவதைப் பார்த்து உதவிக்கு வந்தார்: எங்கட 'சேர்ச்சி'யாகவும் இருக்கலாமே, ஆட்கள் சேருகிற இடம்.
அதைப் பிடித்துக்கொண்டேன்.
"அப்பா, பெட்டி அடுக்கிறமாதிரிச் சொல்லை அடுக்கேலாது. பக்கத்திலை வைச்சாப் பொருந்துது எண்டதுக்காக வேர் ஆகாது."
சிரித்தார்கள். சுவாமியும். அப்பாவின் கொப்பியிலிருந்தே இன்னும் இரண்டு சொல் எடுத்துச் சொன்னேன். இன்னும் சிரிப்பு. அப்பாவும் சிரித்தபடி, கதிரையைக் கையால் தேடி உட்கார்ந்தார்.
அவர் கேட்ட கேள்வி ஒருவருக்கும் நினைவில்லை. எனக்கு நிம்மதி. உண்மை அதுதான்.

9, செவ்வாய்
குளிர். மெட்ரோ தாமதம். அப்பா கதைக்கிறார்: சோறு போதுமா, கதவு பூட்டியாச்சா. அவ்வளவே. மன்னிப்பு வாய்வரை வந்தது. கேட்டால் அந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

12, வெள்ளி
கோத்தியரை வெட்டிவிட்டேன். ரோம எல்லைப்புறப் பட்டணங்கள் வழியாக வந்திருக்கலாம் என்று மாற்றியாயிற்று. இப்போதுதான் நேர்மையான அத்தியாயம் என்று பேராசிரியர் மெயில்.
அப்பா கேட்டதுதான் சரி. அவரிடம் சொல்லவில்லை.

14, ஞாயிறு
வெயில், காற்று. அப்பா தமிழ்ப் பூசைக்கு வரவில்லை. நாங்கள் இருக்கிற லாசாலிலேயே, வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் பிரெஞ்சுக் கோயிலுக்குத் தனியே போனாராம். பொன்ஜூர், மெர்சி தவிர அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஏன் அங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். கோழி வெட்டிக்கொண்டே சொன்னா:
"அங்க ஒருத்தருக்கும் அவர் உன்ரை அப்பா எண்டு தெரியாதாம்."