சனி என்று சொன்ன தையல்காரம்மா

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம், அங்கே உன் இருமல் விட்டதா, மாப்பிள்ளைக்கு வேலை நேரம் மாறியதா என்று முதலில் எழுது. போனில் பேசினால் பாதியிலேயே அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். அண்ணன் வாசல் கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்திருக்கிறான், அண்ணிக்குப் பிடிக்கவில்லை, இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் கேட்டார்கள், இரண்டு பேரிடமும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நம் டிவி வினாடி வினா நிகழ்ச்சிக்கு இந்த மாதத்தோடு இருபத்தெட்டு வயது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது அது எப்படி இருந்தது தெரியுமா, இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஒரு நீள மேசை, கரும்பலகையில் மார்க், பதில் தெரிந்தவர் தட்ட ஒரு மணி, அவ்வளவுதான். கேள்விகளைச் சரிபார்க்கிற நான் நடுவர் பக்கத்திலேயே புத்தக அடுக்கோடு உட்கார்ந்திருப்பேன், ஏதாவது இடித்தால் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பேன், நிகழ்ச்சி அப்படியே நிற்கும், ஆனால் கேமரா பிள்ளைகள் பக்கம்தான், நான் படத்தில் விழமாட்டேன். அப்புறம் மணி போய் பஸ்ஸர் வந்தது, பிள்ளைகள் போய்ப் பெரியவர்கள் வந்தார்கள், கண்ணைக் கூசவைக்கிற விளக்கு வந்தது, நெஞ்சு படபடக்கிற மாதிரி ஒரு இசையும் வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் என் நாற்காலி கொஞ்சம் பின்னால் போனது. முதலில் திரைக்குப் பின்னால், பிறகு நடையில், இப்போது மாடியில் ஒரு சின்னக் கண்ணாடி அறை. குறையாகச் சொல்லவில்லை, முன்னெல்லாம் பெரிய பள்ளிக்கூடங்கள் மட்டும்தானே வரும், இப்போது லாரி ஓட்டுகிறவர், சமையல் வேலை செய்கிறவர் எல்லாரும் வந்து அந்த நாற்காலியில் உட்காருகிறார்கள்.

போன வாரம் ஒரு தையல்காரம்மா வந்தார், ஐம்பது வயதிருக்கும், ஏழு கேள்விக்கு டக் டக்கென்று பதில் சொன்னார். எட்டாவது, எந்தக் கோளுக்கு நிலவுகள் அதிகம் என்பது. சனி என்றார். வியாழன்தான் சரி என்று காட்டித் திரை சிவந்தது. அவர் சரி என்று தலையாட்டி மைக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மேலே கண்ணாடி அறையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சில வருஷம் முன்னால் அந்தக் கேள்வியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். அன்றைக்கு வியாழன்தான் முன்னால் இருந்தது, அப்புறம் சனிக்குப் புதிது புதிதாக நிலவுகளைக் கண்டுபிடித்தார்கள், அந்தச் செய்தியை நானே பேப்பரில் படித்தேன், படித்து மடித்து வைத்தேனே தவிர பழைய கேள்வியைத் திருத்தத் தோன்றவில்லை. உன்னிடம் மறைப்பானேன், கொஞ்ச நேரம் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம், யாரும் கவனிக்கவும் இல்லை. அடுத்த ஆளுக்கு மைக் மாட்டுவதைப் பார்த்ததும் இருப்புக்கொள்ளவில்லை, கடகடவென்று படியிறங்கி விளக்குகளுக்கு நடுவில் போய் நின்றுவிட்டேன். டைரக்டர் ஓடிவந்து, அவங்களே ஒத்துக்கிட்டுப் போயிட்டாங்க, விட்டுருங்கம்மா என்று காதோடு சொன்னார். "அவங்க சொன்னதுதான் சரி, தப்பு என்னோடது" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்த மைக் வழியாக அரங்கம் முழுக்கக் கேட்டுவிட்டது.

தையல்காரம்மா வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எனக்கு நல்லாத் தெரியும்மா, போன மாசம்தான் படிச்சேன். ஆனா நீங்கல்லாம் படிச்சவங்க, தப்பா இருந்தா அது என்னுதாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். மறுபடி உட்கார்ந்து இன்னும் இரண்டு கேள்வி தாண்டினார், மூன்றாவதில் நிஜமாகவே தப்பாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இறங்கினார். என்னிடம் விளக்கம் எழுதி வாங்கினார்கள். பழைய கேள்விகள் அத்தனையையும் முதலிலிருந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், அது வேலையா தண்டனையா என்று தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் ஆய்வுக்கூடத்தில் பெரிய டாக்டர் சொன்னால் உனக்குத் தெரிந்ததைக்கூட விழுங்கிவிடுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். வேண்டாம் குட்டிம்மா, ஒரு தடவையாவது வாயைத் திறந்து கேள், அந்தப் பக்கம் என்னைப் போல ஒருத்தி கையெழுத்துப் போட்டிருக்கலாம். வேளைக்குச் சாப்பிடு, வெந்நீர் குடி, நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாயிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிகழ்ச்சி வருகிறது, மறக்காமல் பார். நான் இறங்கி வந்ததை வெட்டவில்லையாம், டைரக்டரே போன் செய்து சொன்னார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக உன் அம்மா டிவியில் வருகிறேன், தப்புச் செய்தவளாக, தலைகூடச் சரியாக வாரவில்லை.

என்றும் உன் நினைவாக,
அம்மா