பாக்கெட்டில் இருக்க வேண்டிய பிளக்

செவ்வாய், இரவு

தூக்கம் வரவில்லை.

நான் வேலை செய்யும் பீன்யா கார் ஷெட்டில் இன்று ஒரு ஹைபிரிட் காரின் பேட்டரி வேலை. முதலில் டிக்கியில் இருக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்க வேண்டும். அப்போதுதான் பேட்டரியில் கரண்ட் கட்டாகும். வேறு யாரும் திரும்பச் சொருகிவிடாமல், பிடுங்கியவன் அதைத் தன் பாக்கெட்டிலேயே வைத்திருக்க வேண்டும். ஷெட்டில் இந்த விதியை எழுதி ஒட்டியவனே நான்தான். இன்று பாக்கெட்டில் போன் இருந்தது. பிளக்கை டூல் வண்டிமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து, பின்கதவு வழியாகக் குனிந்து பேட்டரி மூடியைத் திறந்தேன். நட்டு சின்னது, பிடிக்க வரவில்லை என்று ரப்பர் கிளவுஸைக் கழற்றினேன். ஏனோ மீட்டரை ஒருமுறை வைத்துப் பார்த்தேன். இருநூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

"எவன்டா பிளக்க சொருகினது?" என்று கத்தினேன்.

"நான்தான் மச்சா," என்றான் கூட வேலை செய்யும் செல்வம். "கஸ்டமர் வந்து குந்திக்கினு இருக்காரு. நீ வேலைய முடிச்சிட்டு, மாட்ட மறந்துட்டியோன்னு நெனச்சேன்."

எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டித் தீர்த்தேன். பிளக்கை டூல் வண்டிமேல் வைத்தது யார் என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வேலை முடியாமல் கஸ்டமரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினோம். மறுபடி பிடுங்கிப் பாக்கெட்டில் போட்ட பிளக்கை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். இந்த நோட்டுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது.

"இன்னும் படுக்கலயா? லைட்ட ஆஃப் பண்ணு," என்கிறாள் என் மனைவி பானு, கண்ணைத் திறக்காமலே.

எழுந்து போய் வெறுங்கையால் சுவிட்சைத் தொட வேண்டும்.