ஒரே பட்டனுக்கு இருபது நிமிடம்

குர்கான்,
சனிக்கிழமை காலை

அன்புள்ள அம்மாவுக்கு, லோகப்பிரியா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா? தறியில் நின்று நின்று காது மந்தமான உங்களுக்குப் போனில் நான் பேசுவது கேட்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று பேசிப் பேசித் தொண்டை கட்டிய நேரத்தில் எங்கள் கம்ப்யூட்டர் உதவி மையத்துக்கு இன்னோர் அழைப்பு. நம் சோமனூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பெண். மெயில் எதுவும் போகாமல் அவுட்பாக்ஸிலேயே நிற்கிறது என்றாள். "ஏனுங்க, பக்கத்துல தறி ஓடுது, சத்தத்துக்கு மன்னிச்சுக்கங்க."

அவள் லேப்டாப்பை இங்கிருந்தே திறந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது. கை தவறி 'ஆஃப்லைன்' பட்டனை அழுத்தியிருக்கிறாள். ஒரு தட்டுத் தட்டினால் தீர்ந்தது. நான் தட்டவில்லை, அம்மா. அதைப் பார்க்கிறேன், இதைப் பார்க்கிறேன் என்று இருபது நிமிடம் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏன் இவ்வளவு நேரம் என்று மேனேஜர் கேட்டதற்கு, பழைய லேப்டாப் என்று சொல்லிவிட்டேன்.

மெயிலெல்லாம் போனதும், "நீங்க எந்த ஊருங்க?" என்றாள். சொந்த விஷயம் பேசக் கூடாது என்பது ஆபீஸ் விதி. டெல்லிப் பக்கம் என்றேன்.

"அட, நம்மூர்க்காரங்களாட்டவே பேசறீங்க!" என்று சிரித்தாள்.

சாப்பாடு பரவாயில்லை. தலைக்குத் தேய்க்கும் அரப்புத் தூள் தீர்ந்துவிட்டது, அரைக் கிலோ அனுப்புங்கள். அப்புறம், தறி ஓடும்போது அப்பாவை எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். யாரும் எதுவும் பேச வேண்டாம்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

லோகு