பெனிடோர்மில் மச்சாள் கேட்ட கேள்விகள்

மச்சாள்,

நேற்று எங்கள் பார்க்கிங் பகுதி ரயில் ஸ்டேஷன் வாசலில் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு பெண் கைகளுக்கு வெயில் கிரீம் பூசிக்கொண்டிருந்தாள். இந்த வருடம் லண்டனில் வெயில் என்று சொல்லக்கூடிய முதல் நாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் பெனிடோர்ம் கடற்கரையில் நீங்கள் சொன்னது காதில் கேட்டது: "தேங்காய் மணக்குது, ஆனா தேங்காய் இல்லை. உதைப் பூசாதேயும்." நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி பஸ் போய்விட்டது.

எதையும் லேசில் நம்பாத குணத்தில் நீங்களும் நானும் ஒன்றுதான். உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில், வெஸ்ட் ஈலிங்கில் உங்கள் வீட்டில்தான் இருந்தேன். நான் கழுவிக் கவிழ்த்த கோப்பைகளை எடுத்து நீங்கள் திரும்பவும் கழுவுவீர்கள். நான் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தும் கழுவுவீர்கள். "அக்கா எல்லாரோடயும் அப்பிடித்தான்" என்பார் உங்கள் தம்பி. நான் நம்பவில்லை. பிறகு பார்க்கிங்கில் வீடு கிடைத்து லண்டனின் மறு முனைக்கு வந்தபோது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. அவர் கண்மூடிய பின்பு நாம் கோயில் தேருக்கு மட்டும் சந்தித்தோம். சுகமா, சாப்பிட்டாச்சா, அவ்வளவுதான்.

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் போன் எடுத்தீர்கள்.

"ஸ்பெயினுக்குப் போவமே? நீரும் நானும் மட்டும்."

"என்னத்துக்கு?"

"கடல் பார்க்க."

பார்க்கிங்கிலிருந்து சவுத்எண்டுக்கு நேரே ரயில் ஓடுகிறது. கடல் பார்க்க வேண்டும் என்றால் அதில் ஏறினால் போதும். உங்களுக்கு மகள் இருக்கிறாள், கோயில் சிநேகிதிகள் இருக்கிறார்கள். என்னை ஏன் கேட்கிறீர்கள்? ஓம் என்று சொன்னதே, உங்கள் மனதில் என்ன இருக்கிறதென்று கண்டுபிடிக்கத்தான்.

விமான நிலையத்தில் நகரும் படியில் ஏறும்போது என் கையைப் பிடித்தீர்கள். இத்தனை வருடத்தில் நீங்கள் என் கையைப் பிடித்ததில்லை. சரி, ஏதோ ஒன்று வரப்போகிறது என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

ஸ்பெயினின் பெனிடோர்ம் ஊரில் முதல் நாள் மத்தியானம். கடற்கரையை ஒட்டிய நீண்ட நடைபாதையில், வாடகை ஸ்கூட்டர்களில் இங்கிலாந்துக் கிழவர்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வானத்தை மறைத்துக்கொண்டு ஹோட்டல்கள். ஒரு கடையின் வெளி மேசையில் இருந்தோம். மெனு அட்டையை என் பக்கம் தள்ளினீர்கள்.

"என்னவெல்லாம் கிடக்கு? வாசியும்."

நீங்கள் கவுன்சில் ஒபீசில் வேலை பார்த்தவர். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவள். என் இங்கிலீசைச் சோதிக்கிறீர்கள் என்று நினைத்து, வேண்டுமென்றே வேகமாக வாசித்தேன். நீங்கள் மறுபடி வாசிக்கச் சொன்னீர்கள். பிறகு, அவ்வளவு பெரிய கடலை முன்னால் வைத்துக்கொண்டு, "கடல் என்ன நிறமாக் கிடக்கு?" என்று கேட்டீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீலம்" என்றேன்.

"எல்லா இடமுமோ?"

நான் மெனு அட்டையை மூடி வைத்தேன்.

அன்று மாலை ஹோட்டலில் கீழே பாட்டும் நடனமும் என்றார்கள். இருட்டத் தொடங்கியதும், "எனக்கு ஏலாது, நீர் போம்" என்று அறையிலேயே இருந்துவிட்டீர்கள். என்னை வெளியே அனுப்பப் பார்க்கிறீர்கள் என்று பட்டது. போன கையோடு திரும்பி வந்தேன். கதவுக்கு வெளியே உங்கள் குரல் கேட்டது. மகளோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தீர்கள். "அவவுக்கு இன்னும் சொல்லேல்லை. இங்க வைச்சுத்தான் சொல்லவேணும்."

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. ஊர்க் காணிதான். வேறு என்ன இருக்க முடியும்? அவர் பங்குக்கு இப்போது நான்தான் கையெழுத்து வைக்க வேண்டும். அதற்குத்தான் இந்த விமானம், இந்தக் கடல், இந்தக் கைபிடிப்பு எல்லாம்.

மறுநாள் எதிரே தெரிந்த குட்டித் தீவுக்குப் படகில் போனோம். படகின் அடித்தட்டில் கண்ணாடி வழியாக மீன்களைக் காட்டினார்கள். "என்ன மீன்?" என்று கேட்டீர்கள். மீன்தான் என்றேன். "ஊரில உள்ளதுகள் மாதிரியோ?" இல்லை என்றேன். தீவில் இறங்கியும் கேள்விதான். கல்லு எப்படி, பறவை எப்படி. நீங்கள் அன்பாகப் பேசப் பேச எனக்குப் பயம் கூடியது.

பின்னேரம் பழைய நகரத்துக்குள் நடந்தோம். நீலக் கூரைத் தேவாலயத்தின் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு, இரண்டு கடற்கரைகளுக்கும் நடுவே பாறை நுனியில் இருக்கும் அந்த வெள்ளை முற்றத்துக்குப் போனோம். சனம் எல்லாம் சூரியன் விழுவதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. சூரியன் விழுந்தது, சனம் கலைந்தது. நீங்கள் மட்டும் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அசையாமல் நின்றீர்கள்.

"வாங்கோ, போவம்."

"கொஞ்சம் பொறும்."

"என்னத்துக்குப் பொறுக்கிறது? காணிக் கதையெண்டா இங்கயே சொல்லுங்கோ. ரெண்டு நாளாச் சுத்தி வளைக்கிறியள்."

"என்ன காணி?" என்றீர்கள். உண்மையாகவே தெரியாத முகம். பிறகு மெல்லிய குரலில், "எனக்குப் படி தெரியேல்லை" என்றீர்கள்.

எனக்கு விளங்கவில்லை. எந்தப் படி என்று கேட்டேன். நாம் இறங்க வேண்டிய படிகள் மூன்றடி தள்ளி இருந்தன. நீங்கள் அவற்றுக்கு நேரே பார்த்துக்கொண்டுதான் நின்றீர்கள்.

அங்கே வைத்துத்தான் சொன்னீர்கள். கண்ணுக்குள் உள்ள வருத்தம், மருந்து இல்லை, இருட்டில் முதலில் போகும், பிறகு ஓரங்கள் போகும், ஒரு நாள் எல்லாம் போகும் என்று டொக்டர் சொன்னதை, வேறு யாருக்கோ வந்ததைப் போலச் சொன்னீர்கள்.

"இதைச் சொல்லவோ என்னை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? மகள் இருக்கிறாளே!"

"அவள் அழுவாள். கோயில் ஆக்களும் அழுவினம். நீர் அழமாட்டீர். ஏசுவீர்."

நான் ஏசினேன். பகலில் சொல்லியிருக்கலாமே, விழுந்து காலை முறித்திருந்தால் இந்த ஊரில் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு ஏசிக்கொண்டே கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினேன். நீங்கள் சிரித்துக்கொண்டு வந்தீர்கள்.

அடுத்த நாட்களில் நீங்கள் கேட்காமலே சொல்லத் தொடங்கினேன். மணலில் கோட்டை கட்டி வைத்து, அது காய்ந்து உதிராமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த மனிதனைச் சொன்னேன். வெறும் மார்போடு கைகோத்து நடந்த வயதான சோடியைச் சொன்னபோது, "பொய் சொல்லாதேயும்" என்றீர்கள். வடிவாக இருக்கிறது என்று நான் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. "வடிவெண்டு எனக்கென்ன தெரியும்? என்ன கிடக்கெண்டு சொல்லும்." கடலையும் திருத்திச் சொன்னேன். கரையில் கண்ணாடி, கொஞ்சம் தள்ளிப் பச்சை, தீவுக்குப் பக்கத்தில் கடும் நீலம், படகு போன இடத்தில் வெள்ளைக் கோடு. அவ்வளவு நேரம் நான் எதையும் உற்றுப் பார்த்ததே இல்லை.

லண்டனுக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுத்தேன். சந்தையில் பார்த்தது, பஸ்ஸில் பார்த்தது, எதிர்வீட்டுக்காரி புதிதாகப் போட்ட திரைச்சீலை. "பிறகு?" என்பீர்கள். போன மார்கழியில் ஒரு காலை உங்கள் இதயம் நின்றுபோகும் வரை, அந்த "பிறகு?" ஓயவில்லை.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது உங்கள் மகளோடு இதைக் கதைத்தேன். பெனிடோர்மில் மெனு வாசிக்கக்கூட அம்மா கஷ்டப்பட்டவ என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நோ மாமி. அப்ப இருட்டில மட்டும்தானே ப்ராப்ளம். பகல்ல அம்மாக்கு எல்லாம் தெரிஞ்சது. அந்த ஹொலிடேக்குப் பிறகுதான் வாசிக்க ஏலாமப் போனது."

"வடிவாத் தெரியுமோ?"

"ஷுவர், மாமி. ஐ டெஸ்ட்டுக்கு நான்தானே கூட்டிக்கொண்டு போனனான்."

நான் குழாயைத் திறந்தபடி நின்றேன்.

அப்படியென்றால் அந்த மத்தியானம், உச்சி வெயிலில், கடலின் நிறம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மெனு தெரிந்திருக்கிறது. மீனும் கல்லும் பறவையும் தெரிந்திருக்கின்றன. எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டிருக்கிறீர்கள். வரப்போகும் இருட்டுக்கு ஆளைப் பழக்கினீர்களா? அல்லது வாய் திறக்காத தம்பி பெண்சாதியை எப்படியாவது பேச வைக்கப் பார்த்தீர்களா? இரண்டையும் மாறி மாறி நினைக்கிறேன். எப்படி நினைத்தாலும் நீங்கள் என்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறீர்கள்.

உங்களைப் பற்றி வருடக்கணக்காக எத்தனையோ சந்தேகங்களைச் சுமந்தேன், மச்சாள். எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டேன். இது ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன். யார் வந்து விளக்கம் சொன்னாலும் கேட்கப் போவதில்லை.