கப்பலுக்கு வைத்த பொட்டு

ஃபஹாஹீல்,
விஜயதசமிக்கு மறுநாள்.

அன்புள்ள உமாபதி அண்ணாவுக்கு, இங்கே மூவரும் சுகம், உன் உடம்பும் அப்படியே இருக்கட்டும் என்று எழுதச் சொன்னாள் அம்மா. அவளுக்குக் கண்வலி, அதனால் அவள் சொல்ல நீலா எழுதுகிறேன். அவள் சொல்லாத ஒன்றை முதலில் எழுதிவிடுகிறேன். பூஜையன்று அப்பா வேலையிலிருந்து வந்ததும் சட்டையை ஆணியில் மாட்டாமல் அழுக்குத் துணிக்கு அடியில் திணித்தார். எடுத்துப் பார்த்தேன், சட்டைக் கையின் நுனியில் குங்குமம்.

இனி அம்மா சொல்வது. அப்பா சூப்பர்வைசராக இருக்கும் சைட் பல நூறு வருஷத்துக் கப்பல் பட்டறை, அதை மியூசியமாக்குகிறார்கள் என்று முன்பே எழுதியிருந்தோம். அங்கே இருப்பதிலேயே பழைய மரக்கப்பலின் முகப்பில் ஆயுத பூஜையன்று யாரோ சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்கள், கறை மரத்தில் இறங்கிவிட்டது, துடைத்தும் போகவில்லை. அதிகாரி வந்து பார்த்தபோது நெற்றியில் பொட்டோடு நின்றவன் அப்பாவிடம் வேலை பார்க்கும் மாயாண்டி ஒருவன்தான், அதனால் அவன்தான் என்று முடிவாகிவிட்டது. விசா கொடுத்த முதலாளி, அந்தக் கஃபீல், கல்லாஸ், வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டாராம், வெள்ளிக்கிழமை ஊருக்கு அனுப்புகிறார்கள். தங்கைக்கு இப்போதுதான் கல்யாணம் பேசியிருக்கிறான், பாவம்.

இன்று மாயாண்டி சொல்லிக்கொண்டு போக வீட்டுக்கு வந்தான், இது நான் பார்த்தது. "ஏம்பா, மியூசியத்துக் கப்பலுக்கா பொட்டு வைப்பே, நாளைக்கு அதை ஓட்டிட்டுப் போகவா போறே?" என்று அம்மா திட்டினாள். "நம்மை நம்பி விட்ட பொருளும்மா, வைக்காம இருக்க மனசு வருமா" என்று சிரித்தான். பிறகு அப்பாவிடம், "சார், நீங்க குடும்பஸ்தர், யார்கிட்டயும் ஒண்ணும் பேசிடாதீங்க" என்றான். தனக்குச் சிபாரிசு வேண்டாம் என்கிறான் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அப்பா தலை நிமிரவே இல்லை, காப்பியும் குடிக்கவில்லை.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும், ஹாஸ்டல் சாப்பாட்டைத் தள்ளாமல் சாப்பிடவும், அம்மையப்பன் மாமாவைப் போய்ப் பார்க்கவும் மறக்காதே, நீ நன்றாயிருந்தால் எங்கள் அலுப்பெல்லாம் தெரியாது என்கிறாள்.

நூறு வயது வாழ வாழ்த்தும் அம்மா,
சந்திரகலா.

அண்ணா, அம்மா படுத்துவிட்டாள். பொட்டு வைத்தது அப்பாதான். சொன்னால் அவர் வேலை போகும், நாங்கள் மூவரும் ஊர் திரும்ப வேண்டும், உன் படிப்பு என்னாகுமோ தெரியவில்லை. சொல்லாவிட்டால் மாயாண்டி போகிறான். எனக்கு யாரிடமும் பேச வராது, பள்ளிக்கூடத்தை விட்டபின் சுத்தமாகவே வருவதில்லை, அப்பாவிடம் எப்படிக் கேட்பேன். அந்தச் சட்டையைத் துவைக்காமல் எடுத்து, குங்குமம் வெளியே தெரியும்படி, அவருடைய ஆணியில் மாட்டினேன்.