வலது மணிக்கட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா என்று கேட்கவில்லை, கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய்.

போன ஞாயிறு உன் ரேஸை நானும் அப்பாவும் பார்த்தோம். பக்கத்து வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்துகொண்டார். என்னங்க, கரண்டுல ஓடுற வண்டி, சத்தமே காணோம், இதெல்லாம் ஒரு ரேஸா என்றார். சத்தம் வேணும்னா இருங்க, நம்ம பொண்ணை யாராவது முந்தினா இவ போடுவா என்று அப்பா என்னைக் காட்டினார். நீ முந்தவே விடவில்லை. முன்னால் போனவர்கள் பேட்டரியைத் தீர்த்துவிட்டுத் திணற, நீ மட்டும் ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து எடுத்துச் சார்ஜை மிச்சம் பிடித்திருந்தாய். வீட்டில் இருந்தவரை ஒரு விளக்கையாவது அணைத்திருப்பாயா நீ. ஏழாவதிலிருந்து மூன்றாவது. அப்புறம் பின்னால் வந்தவன் இடித்தான். சுவர். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்.

சுவரில் மோதப் போகிறோம் என்று தெரிந்தால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது வெடுக்கென்று திரும்பி மணிக்கட்டை முறித்துவிடும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். டிவியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். நீ கையை எடுக்கவில்லை. உன் டிரைவிங் ஸ்கூல்ல படிச்சவளாச்சே, எப்படி விடுவா என்றார் அப்பா. உண்மைதான், என்னிடம் கற்றவர்கள் யாரும் ஸ்டியரிங்கை விடமாட்டார்கள். ரோட்டுக்கு அது சரி.

மறுநாள் வீடியோவில் வந்தாய். முடியை விரித்துப் போட்டிருந்தாய். இதுவே நல்லாருக்கு பாப்பா என்றார் அப்பா, பாவம். முடியை அள்ளிக் கட்ட இரண்டு கையும் வேண்டும். நான் கேட்ட பிறகுதான், லேசா வீங்கியிருக்கும்மா, இன்னும் ரெண்டே ரேஸ்தான், யார்கிட்டயும் மூச்சு விடாதே என்றாய். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் யாரோ இல்லையே. அடுத்த வருஷத்துக்கு டீமில் இருப்பது ஒரே சீட், அதற்கு ஒருவன் ஹெல்மெட்டோடு காத்திருக்கிறான், தெரியும். நீ பட்ட பாடும் தெரியும். ஆனால் அடுத்த ரேஸும் தெருவில்தானே, இரண்டு பக்கமும் கான்கிரீட். கட்டைவிரலில் கட்டுப் போட்டு வந்தவனையே நான் வண்டியில் ஏற்றாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அவன் ஓட்டப்போவது மாட்டுவண்டி வேகத்தில். உன் கை ஒரு வளைவில் மறுத்துவிட்டால் பின்னால் வருகிறவர்கள் உன்மேல்தான் வந்து ஏறுவார்கள். அவர்களுக்கும் வீட்டில் டிவி பார்க்கிற அம்மாக்கள் இருப்பார்கள்.

டீம் டாக்டரிடம் சொல். நீயே சொல். நான் அவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டேன், உன் கை, உன் வேலை. சீட் போனால் போகட்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அது உனக்கே கிடைக்க வேண்டும் என்றுதான் எனக்கும் இருக்கிறது. இருந்தாலும் சொல்.

ஐஸ் வை. வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே. உன்னைத் திட்டக் கூடாது என்று அப்பா எனக்கு உத்தரவு போட்டிருக்கிறார், அதனால்தான் இவ்வளவு பதமாக எழுதியிருக்கிறேன். என் கண்ணு, கை கால் சுகத்தோடு நெடுநாள் நன்றாக இரு. டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போன் பண்ணு. அதுவரை எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு. எடுப்பேன். ஆனாலும் சொல்லிவிட்டுப் பண்ணு.